சட்டை போட்ட புழு

தேவதானப்பட்டி
14.7.2025

அபிதா அப்பாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனசில்லை. நீங்களும் விசாரிக்க வேண்டாம். இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுகிறாள் என்று உங்கள் மீன் பண்ணையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போனைத் திறந்தால் முகப்பிலேயே பிள்ளை பல் விழுந்த வாயோடு நிற்கிறாள். அணைத்து, அம்மா வீட்டு அரிசி டின்னுக்கு அடியில் போட்டுவிட்டேன். இனி என்னிடம் பேச வேண்டியதைத் தாளில்தான் பேச வேண்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்பச் சொல்கிறேன், நீங்கள் ஊரில் இல்லையே.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கொய்யாப்பழம் பொறுக்க ஓடினாள். வாழைச்சருகு குவித்துக் கிடக்குமே, வாய்க்கால் ஓரம், அங்கே. திரும்பி வந்து காலைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, புழு கடிச்சிருச்சு. சட்டை போட்ட புழு." ஊசி குத்தியது போல இரண்டு பொட்டு. "புழு எங்கடி கடிக்கும், முள்ளு குத்தியிருக்கும்"னு சொல்லிக் கழுவிவிட்டேன். அழுகை நிற்கவில்லை என்றதும் உங்களுக்குப் போன் போட்டேன். சட்டை போட்ட புழுவாம் என்று சொல்லிச் சிரிக்கவும் சிரித்தேன், பாவி.

நீங்கள் சிரிக்கவில்லை. ஒன்றுமே பேசவில்லை. பிறகுதான், "பூரானா இருக்கும். மஞ்சள அரைச்சுப் போடு"ன்னு சொன்னீர்கள். நான் போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் கால் வீங்கி ஈறில் ரத்தம் கசிந்தது. சின்னமனூர், தேனி, மதுரை என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். போன இடமெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "எப்பக் கடிச்சது? ஏன் இவ்வளவு நேரம்?"

நான் கேட்பது இதுதான். அந்தப் போனில் நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

காரியம் முடிந்த கையோடு உங்கள் அம்மா ஒச்சாண்டியை வீட்டை விட்டு விரட்டிவிட்டார்களாம். அடித்த விரியனை எரிக்காமல் சருகில் எறிந்தானாம், அதன் குட்டிதான் பேத்தியைத் தின்றதாம். கூடப் பிறந்த தம்பி சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறான். உங்களுக்குத் தெரியுமா?

பாண்டீஸ்வரி


வைகை அணை
21.7.2025

அன்புள்ள பாண்டீஸ்வரிக்கு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் நீ இப்படி ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வயிற்றுப் பிள்ளையோடு வாடலாமா? இங்கே தொட்டிக்குப் பக்கத்தில் சிக்னல் நிற்காது. நீ பேசியது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இது குஞ்சு பொரிக்கிற பருவம், லீவு கேட்க முடியவில்லை. தாய்மீனைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். பஞ்சு போலத் தட்டுப்பட்டு, கழிவுத் துவாரம் சிவந்து உப்பியிருந்தால் முட்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஊசி போட்டு, பின்னாலேயே ஆண் மீனுக்கும் போட்டுத் தொட்டியில் சேர்த்து விடுவோம். விடிவதற்குள் பெண் முட்டையைக் கொட்டும், ஆண் அதன்மேல் விந்துப்பாலைக் கொட்டும். சிலது ஊசி போட்டும் விடாது. அந்த முட்டையை அதன் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வயிறு ஒட்டிப்போய் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்தும். உடம்பு எப்படியோ மறந்துவிடுகிறது. நாமும் மறக்கத்தான் வேண்டும் ஈஸ்வரி.

ஒச்சாண்டி விஷயத்தில் நான் என்ன செய்ய? மாசமாக இருக்கிறவள் புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது, கிட்டேயே போகக் கூடாது என்று அம்மா அன்றைக்கு என்னைத் தடுத்தது உனக்கே தெரியும். நான் வரப்பில்தான் நின்றேன். அடித்தது அவன், எறிந்தது அவன். நல்ல பாம்பாக இருந்தால் வாயில் காசு வைத்துப் பால் ஊற்றி எரித்திருப்பான். விரியன்தானே என்று அலட்சியம். கொஞ்ச நாள் வெளியே கிடக்கட்டும், புத்தி வரும். அம்மாவின் கோபமும் ஆறும்.

நீ எப்போது வருகிறாய்? சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன்
ஈஸ்வரபாண்டி


தேவதானப்பட்டி
27.7.2025

அபிதா அப்பாவுக்கு,

சிக்னல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேசாமல் இருந்த நேரம் முழுக்க உங்கள் தொட்டியில் காற்று அடிக்கிற மோட்டார் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மோட்டாருக்கு மட்டும் சிக்னல் கிடைத்ததோ?

மறக்கச் சொல்கிறீர்கள். உங்கள் மீன் முட்டையைக் கரைத்துக்கொள்ளும், சரி. நான் பெற்றுவிட்டேனே.

இன்னொன்று. பாம்பை அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் இருந்து பார்த்தேன், சருகுப் பக்கம் மட்டும் மறைத்துக்கொண்டது. ஒச்சாண்டி மோட்டார் ரூமில் இருந்து டீசல் பாட்டிலும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு சருகுப் பக்கம் போனான். திரும்பி வரும்போது பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. எரிக்கப் போனவன் ஏன் எரிக்காமல் வந்தான்? நேற்று அவனை இங்கே வரச்சொல்லி அதைத்தான் கேட்டேன். முகம் பாதியாகிவிட்டது. வாசல்படி தாண்டி உள்ளே வர மாட்டேன் என்று நின்றான். "என்னைய எதுவும் கேக்காதீக மதினி. நான்தான் எறிஞ்சேன், நான்தான் பாவி." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று எனக்குப் படுகிறது.

மண்டிக்காரர் சங்கரலிங்கம் அவனோடு கூட வந்திருந்தார். போகும்போது என் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, அவன் படுக்கையில் பூச்சிமருந்து பாட்டில் ஒன்று கிடந்தது, பிடுங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் வெளியே கிடக்கட்டும் என்று எழுதினீர்களே, அந்த லட்சணம் இதுதான்.

உங்கள் அம்மா போன வாரம் எங்கள் தெரு ஆள் ஒருத்தியிடம் சொல்லி அனுப்பிய வார்த்தை: "விரியன் குட்டி தாய் வயித்தக் கிழிச்சுக்கிட்டுத்தான் பொறக்கும். இவ வயித்துல இருக்கறதும் அந்தச் சாதிதான். வெளிய வரதுக்கு முந்தியே மூத்தத முழுங்கிருச்சு." ராத்திரி பிள்ளை உதைக்கிறபோதெல்லாம் இந்தப் பேச்சுதான் ஞாபகம் வருகிறது. வயிற்றில் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் பண்ணையில் மீன்வளம் படித்த மேடம் இருக்கிறார்களே, ஷெரின் மேடம். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விரியன் உண்மையிலேயே அப்படித்தான் பிறக்குமா? செத்த பாம்பின் வயிற்றில் இருந்து எப்படி உயிரோடு வந்தது? எனக்கு உண்மை வேண்டும்.

பாண்டீஸ்வரி


வைகை அணை
8.8.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

அம்மா பேசியது பெரிய தப்பு. நான் கண்டித்துப் பேசிவிட்டேன். நீ அதை மனதில் ஏற்றாதே.

ஷெரின் மேடத்திடம் கேட்டேன். அவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது இப்ப எதுக்குங்க உங்களுக்கு?" என்றார்கள். வீட்டில் கேட்கிறாள் என்றேன். பிறகு உட்கார வைத்துப் படம் போட்டுச் சொன்னார்கள். அப்படியே எழுதுகிறேன்.

வயிற்றைக் கிழிக்கும் என்பது சுத்தப் பொய். நல்ல பாம்பும் சாரையும் முட்டையிட்டு வெளியே பொரிக்க விடும். கண்ணாடி விரியன் முட்டையை வெளியே விடாது, முட்டைக் குழாய்க்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். அந்த முட்டைக்கு ஓடு கிடையாது, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சவ்வுதான். குட்டி உள்ளே இருக்கிற மஞ்சள் கருவைத் தின்று வளரும், தண்ணீரும் காற்றும் தாய் ரத்தத்தில் இருந்து அந்தச் சவ்வு வழியாகப் போகும். மாதம் முடிந்ததும் ஒவ்வொன்றாக வால் பக்கத்துத் துவாரம் வழியாகத்தான் வெளியே வரும். கழிவுக்கும் பிறப்புக்கும் அதுக்கு ஒரே வாசல். தாய்க்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குப் போய்விடும். வெளியே வந்த குட்டிக்கு அப்போதே பல்லும் விஷமும் இருக்கும். கற்றுக்கொடுக்க யாரும் வேண்டாம்.

செத்த தாயில் இருந்து எப்படி என்று கேட்டாய். மாதம் நிறையாவிட்டால் தாயோடு குட்டியும் போய்விடும். நிறைந்திருந்தால் அப்படியில்லை. தாயின் தலை நசுங்கினாலும் உள்ளே இருக்கிறது முழுப் பாம்பு. அடிபட்ட கிழிசல் வழியாகவோ துவாரம் வழியாகவோ சவ்வை முட்டிக்கொண்டு வந்துவிடும். வந்ததும் ஈரமும் இருட்டும் தேடும். வாழைச்சருகு அதற்குச் சொகுசான இடம். நம் இடத்தில் அடிபட்ட விரியன் நிறைமாதம்தான். நடு உடம்பில் இருந்து வால் தொடங்குகிற இடம் வரைக்கும் மணி கோத்த மாதிரி வரிசையாக இருந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படி இருந்தால் அன்றோ மறுநாளோ ஈனுகிற பருவம் என்று மேடமும் சொன்னார்கள்.

ஆக, யாரும் யாரையும் கிழித்துப் பிறக்கவில்லை. நம் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். தைரியமாக வயிற்றில் கை வை.

உன்
ஈஸ்வரபாண்டி


தேவதானப்பட்டி
13.8.2025

ஈஸ்வரபாண்டிக்கு,

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் உங்கள் பேரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதும் இல்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன்.

வரப்பில்தான் நின்றேன், கிட்டேயே போகவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். வரப்பில் நின்றவருக்கு அதன் வயிற்றுக்குள் மணி கோத்த மாதிரி இருந்தது எப்படித் தெரியும்? காரியத்தன்று சருகைக் கிளறியபோது தாயின் எலும்பும் தோலும்தான் கிடந்தன, குட்டிகள் சிதறி ஓடியிருந்தன. அதனால் பிறகு பார்த்து எழுதினீர்கள் என்றும் சொல்ல முடியாது. ஒச்சாண்டிக்கு வாழை சுமக்கத் தெரியும், வயிறு பார்க்கத் தெரியாது. இந்த வீட்டில் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சினை சொல்லுகிற கை ஒன்றுதான் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் சோப்புப் போட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினீர்கள். "என்னங்க, மீனு தொட்ட மாதிரி கழுவுறீக?"ன்னு கேட்டேன். துடைத்துக்கொண்டு வந்து என் வயிற்றில் கை வைத்தீர்கள். நான் ஆசையில் வைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம். டீசல் பாட்டிலைத் திருப்பி அனுப்பியது யார்?

ஒச்சாண்டி மண்டியில் இல்லை. எல்லை தாண்டி மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டானாம். உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

பாண்டீஸ்வரி


வைகை அணை
30.8.2025

பாண்டீஸ்வரி,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஒச்சாண்டி அடித்த பிறகு அவன் டீசல் எடுக்கப் போனான். அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். நான் கிட்டே போனேன். பழக்கதோஷம்தான், கை தானாகப் போனது. தலை நசுங்கிக் கிடந்தது, உடம்பு இன்னும் ஆறவில்லை. வயிற்றைத் தடவினேன். உள்ளே அசைந்தது. அன்றைக்குக் காலையில் உன் வயிற்றில் என் கையை எடுத்து வைத்து "ஒதைக்குது பாருங்க" என்று காட்டினாயே, அதே அசைவு. என்னால் தீ வைக்க முடியவில்லை. சினையை உயிரோடு எரித்தால் அது உன் வயிற்றில் வந்து விடியும் என்று பயந்தேன். மீனைப் பற்றி எல்லாம் தெரிந்த எனக்கு அந்த நிமிஷம் அம்மாவின் பேச்சுதான் பெரிதாகப் பட்டது.

"எரிக்க வேணாம்டா, சருகுல போடு. சினைன்னு மதினிகிட்ட சொல்லிறாத, பயந்துருவா." இதைத்தான் அவனிடம் சொன்னேன். குட்டி பிழைத்தால் ராத்திரியோடு வாய்க்கால் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அதிகாலை பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

போனில் நீ சட்டை போட்ட புழு என்று சொன்னதும், உடம்பெல்லாம் சங்கிலிப் புள்ளி போட்ட விரியன் குட்டிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டால் பாம்பு ஆகிவிடும், சொல்லாத வரைக்கும் பூரானாக இருக்கலாம். அதுதான் அந்த மௌனம். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய். வெளிச்சம் இருந்தது. ஆட்டோ இருந்தது.

தம்பி எனக்காக வாயை மூடிக்கொண்டான். நான் மூடச் சொன்னது வேறு காரணத்துக்கு. பிறகு திறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவனைத் தேடி இரண்டு நாள் மேலே அலைந்தேன், கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் தாய்மீனைத் தூக்கினால் வயிற்றைத் தடவாமலே தொட்டியில் விட்டுவிடுகிறேன். மேடம் என்னைத் தீவனம் போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.


தேவதானப்பட்டி
19.10.2025

அபிதா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. திட்டி எழுதினால் அந்தத் திட்டோடு தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. தீர வேண்டாம்.

போன புதன்கிழமை பெரியகுளத்தில் பிள்ளை பிறந்தது. பெண். யாரையும் கிழிக்கவில்லை. நல்லபடியாக, அழுதுகொண்டு வந்தாள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

மண்டிக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் மேல் ஆள் அனுப்பி ஒச்சாண்டியைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி வராண்டாவில் தூணோடு தூணாக நின்றான். பிள்ளையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம் மதினி, என் கையி ஆகாது." நான் விடவில்லை. "ஏலே, உங்க அண்ணன் எல்லாத்தையும் எழுதிட்டாக. புடிடா"ன்னு சொன்னேன். வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு அந்த வராண்டாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். அழுது முடித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணன எதுவும் சொல்லாதீக மதினி." அவன் முன்னால் நீங்களும் நானும் நிற்க லாயக்கில்லை.

நான் சுத்தம் என்று எழுதவில்லை. புழு எங்கடி கடிக்கும் என்று பிள்ளையிடம் சொன்ன வாய் என்னுடையது. அவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள், நான் நம்பவில்லை. அதை நான் சாகும் வரைக்கும் சுமக்க வேண்டும், நீங்கள் அதில் பங்கு கேட்க வேண்டாம். போனில் பேசாமல் இருந்தது உங்களுடையது. அதில் நான் பங்கு வாங்க மாட்டேன்.

ஆனால் ஒச்சாண்டி தலையில் வைத்தது அவனுடையது இல்லை, அதை இறக்கி வையுங்கள். எனக்கு எழுதினது போதாது. என்னிடம் சொல்வது சுலபம், நான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டேன். இதைத் தபாலில் போடாமல் மண்டிக்காரர் கையில் இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன்; நாளைக்குத் தீபாவளி, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். நம் தெருவில், உங்கள் அம்மா முன்னால், காரியத்துக்கு வந்து அவனை ஏசிவிட்டுப் போன அத்தனை பேர் முன்னால் நின்று சொல்லுங்கள். எரிக்க விடாதது நான், தெரிந்தும் சொல்லாதது நான் என்று வாயால் சொல்லுங்கள். பிறகு தம்பியைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னீர்கள் என்று அவனே வந்து எனக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை இனி நம்ப மாட்டேன்.

அரிசி டின்னைத் தூக்கிப் போனை எடுத்தேன். இவளைப் படம் எடுக்கத்தான். சார்ஜ் ஏறித் திறந்ததும் மூத்தவள் அதே வாயோடு சிரித்தாள். படம் எடுக்காமலேயே வைத்துவிட்டேன்.

சின்னவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வைத்தாலும் உங்களுக்கு எழுத மாட்டேன். நீங்கள் தெருவில் நின்று சொன்ன பிறகு அந்தப் பேரைச் சொல்லி, இன்னாள் அப்பாவுக்கு என்று ஒரு கடிதம் வரும். அதுவரைக்கும் மேலே எழுதியிருக்கிற பேர்தான் உங்களுக்கு. அபிதாவுக்கு மட்டும் அப்பாவாக இருங்கள்.

பாண்டீஸ்வரி